நரகம் தொடர்பாக

என் பெயர் அறிவழகன். பெயரில் உள்ள இரண்டும் பெயரோடு நின்றுவிட்டன. பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இயங்குகிற ‘மனுச்சொல் தெளிவுரை மைய’த்தில் தற்காலிகச் சொல் உதவியாளராக இருக்கிறேன். தற்காலிகம் என்றால் இது ஒன்பதாவது வருஷம். முகூர்த்த நாட்களில் கீழே மேளம் கொட்டுவதால் சொற்களுக்குப் பொருள் காண முடியாது என்று எங்களுக்கு அரை நாள் விடுப்பு உண்டு. கேசரியும் உண்டு. வேலையில் எனக்குப் பிடித்த அம்சம் எது என்று யாராவது கேட்டால் கேசரியைத்தான் சொல்வேன்.

மையத்தின் வேலை எளிமையானது. ஜனங்கள் கொடுக்கிற மனு கணினியில் ஏறும். கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. தண்ணீர் என்றால் ஒரு பிரிவு, விளக்கு என்றால் ஒரு பிரிவு. பட்டியலில் இல்லாத சொல் வந்துவிட்டால் மனு எங்களிடம் வரும். நாங்கள் சொல்லுக்குப் பொருள் சொன்ன பிறகே அது நகரும். ஒருமுறை ‘வயிற்றெரிச்சல்’ என்று ஒருவர் எழுதிவிட்டார். அது மருத்துவமா, தீயணைப்பா என்று முடிவு சொல்ல ஏழு மாதம் ஆயிற்று. அவருக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை. மனு தீர்ந்துவிட்டது.

இந்த வேலைக்கு என்னைப் பிடித்துப் போட்டதற்குக் காரணம் என் ஆராய்ச்சி. பன்மொழிகளில் நரகம் என்னும் சொல்லின் தோற்றமும் பொருளும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பட்டம் வாங்கும் முன் என் வழிகாட்டி ஓய்வு பெற்றார், அடுத்தவர் மதுரைக்கு மாற்றலானார், மூன்றாமவர் தலைப்பைப் பார்த்துவிட்டு, “குடும்பஸ்தன், நல்லதா ஏதாவது எடுக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்த ஒரே ஜீவன் எங்கள் மையத்தில் தட்டச்சு செய்யும் தேவயானி.

“எப்படி இருந்துச்சு?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“எனக்கு எழுத்துதான் சார் தெரியும். அர்த்தத்தப் பாத்தா வேகம் கொறஞ்சிடும்” என்றாள்.

போன வருஷம் தை மாதம் அரியலூர் பக்கமிருந்து ஒரு மனு வந்தது. தேவயானி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“சார், ஒங்க ஆளு வந்துருக்காரு.”

மனுவின் பொருள் வரியில், ‘எங்கள் தெரு நரகமாக இருப்பது தொடர்பாக’ என்று எழுதியிருந்தது. கீழே மூன்று பத்தி. ஊர் வெள்ளைமேடு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகிற லாரிகள் கீழத்தெரு வழியாகத்தான் போகின்றன. தெருவுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் அங்கன்வாடி. இருபத்திரண்டு பிள்ளைகள். இரண்டு வேகத்தடை போட்டுத் தர வேண்டும். இப்படிக்கு, கொளஞ்சியம்மாள், அங்கன்வாடி உதவியாளர்.

வேகத்தடை என்ற சொல் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது மூன்றாவது பத்தியில் இருந்தது. கணினியில் பொருள் வரியை மட்டுமே ஏற்ற வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே உள்ளதை யாரும் படிப்பதில்லை. படித்தால் வேலை கூடிவிடும் என்று முந்தைய அதிகாரி ஒருவர் கண்டுபிடித்திருந்தார்.

மாசி மாதம் கொளஞ்சியம்மாளே நேரில் வந்தார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் வாளியின் மூடி ஒன்று எட்டிப் பார்த்தது.

“தம்பி, இங்க நரகத்தப் பாத்துக்குற ஆபீசரு யாரு?”

தேவயானி என்னைக் கைகாட்டினாள். என் வாழ்க்கையில் என்னை ஆபீசர் என்று ஒருவர் தேடி வந்தது அன்றுதான்.

“ஒக்காருங்கக்கா.”

“ஒக்கார நேரமில்ல தம்பி. மூணரைக்குள்ள போயி புள்ளைங்கள ரோட்டத் தாண்டி வுடணும். வேகத்தட எப்பப் போடுவீங்க?”

“அது எங்க வேல இல்லக்கா. நரகம்னா என்னன்னு நாங்க முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் அது எந்தப் பிரிவுன்னு தெரியும்.”

“நரகம்னா என்னன்னு எனக்கே தெரியுமே. ஒரு போன் போட்டுருந்தா ஊர்லேருந்தே சொல்லிருப்பேன்.”

“மனுவுல ஏங்கக்கா அப்படி எழுதினீங்க?”

“நான் எங்க எழுதுனேன்? மனு எழுதுற செல்லமுத்துதான். வெறும் வேகத்தடன்னு போட்டா தூங்கிருவானுங்க, மேல எடுப்பா ஒரு வார்த்த வேணும், பரிதாபம் போடவா, நரகம் போடவான்னாரு. நரகமே போடுங்கன்னேன். பரிதாபம் போட்டுருந்தா வேல முடிஞ்சிருக்குமா தம்பி?”

“முடிஞ்சிருக்கும். பரிதாபம் பட்டியல்ல இருக்கு. ‘அறிந்தோம்’னு சீல் குத்தி அன்னைக்கே முடிச்சிடுவாங்க.”

வேறு மனு எழுதித் தருகிறேன் என்றார். அதற்கும் வழியில்லை. ஒரு தெருவுக்கு ஒரு மனு. முதல் மனு முடியாமல் அடுத்தது ஏறாது. நான் இதைச் சொன்னபோது அவர் பையிலிருந்த வாளி மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதத்தான் தம்பி தூக்கிக் காட்டுறேன். காலைல பத்து மணிக்கு ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. புள்ளைங்க கொடிக் கயத்தப் புடிச்சிகிட்டு வரிசையா நிக்கும். மூடியப் பாத்து இருவது லாரிக்கு ஒண்ணு நிக்கும். மத்ததெல்லாம் ஆரன் அடிச்சிட்டுப் போயிரும். இதுவரைக்கும் நாலு ஆடு, ஒரு கன்னுக்குட்டி போயிருச்சு. அடுத்தது என்னன்னு சொல்ல வாய் வரல.”

நான் கோப்பை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினேன்.

எங்கள் இயக்குநர் முனைவர் பரணிதரன், வெள்ளைச் சட்டையும் கறுத்த தலையும் உடையவர். அந்தக் கறுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பிக்கப்படும். பொருள் வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஊழியர்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். பேசினார்.

“நண்பர்களே, மையம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகளில் நமக்கு என்ன வந்தது? சாக்கடை வந்தது. குப்பை வந்தது. வயிற்றெரிச்சல் வந்தது. இன்றுதான் உலகத் தரத்தில் ஒரு சொல் வந்திருக்கிறது. இதை நாம் சாதாரணமாக முடித்துவிடக் கூடாது. முடித்துவிட்டால் அடுத்த ஆண்டு நம்மிடம் என்ன இருக்கும்? தெருவைக் கொத்தனார் சரிசெய்வார். சொல்லைச் சரிசெய்ய ஓர் இயக்குநர் வேண்டும். நாட்டில் கொத்தனார்கள் பல்லாயிரம். நான் ஒருவன்தான்.”

கை தட்டினோம். கீழே அதே நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது. அதையும் அவர் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

“ஐயா, அங்க சின்னப் புள்ளைங்க...” என்று ஆரம்பித்தேன்.

“பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், அறிவழகன். சொல் நிற்கும்.”

பிறகு ஒரு வழிமுறை வகுத்தார். நரகம் என்பதற்கு எந்த மொழியில் எந்தப் பொருள் அடிப்படையோ, அந்தப் பொருளைக் கவனிக்கிற பிரிவுக்குக் கோப்பு போக வேண்டும். ஒவ்வொரு பிரிவும் பொருந்துகிறதா, இல்லையா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். என் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை முதன்முதலாக ஓர் அதிகாரி தொட்டார். எடை பார்த்துவிட்டு, “மொழிகளைக் குறைக்காதீர்கள்” என்றார். எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

முதலில் எபிரேயம். ஜெருசலேமை ஒட்டி இன்னோம் என்ற பெயரோடு ஒரு பள்ளத்தாக்கு. வெறும் இடப்பெயராக இருந்தது, காலப்போக்கில் நரகத்தின் பெயராகி, அரபியில் ஜஹன்னம் ஆயிற்று. ஆகவே நரகம் என்பது பள்ளம். கோப்பு மேடுபள்ளப் பிரிவுக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘மேற்படி தெருவில் பள்ளங்கள் உண்டு. பள்ளத்தாக்கு இல்லை. பள்ளங்கள் ஒன்றோடொன்று இணைந்த பின் மீண்டும் அணுகவும்.’

அடுத்து ஆங்கிலம். ஹெல் என்ற சொல் மூடுதல், மறைத்தல் என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து வந்தது என்பார்கள். தலையை மூடுகிற ஹெல்மெட்டும் அதே வேர்தான். இந்தத் தகவலை ஆர்வக்கோளாறில் நான் குறிப்பில் சேர்த்துவிட்டேன். விளைவாக, காப்புப் பொருள் பிரிவிலிருந்து வெள்ளைமேடு அங்கன்வாடிக்கு ஒரு ஹெல்மெட் போய்ச் சேர்ந்தது. பெரியவர்கள் அளவு. ‘மாதிரிக்காக’ என்று ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை அதற்குள் தூங்கிவிட்டதாம்.

“இப்ப என்ன பண்றீங்க அத?” என்று போனில் கேட்டேன்.

“முட்ட வெச்சிருக்கேன் தம்பி. ஒடையாம இருக்கு” என்றார் கொளஞ்சியம்மாள்.

ஜப்பானுக்கு நம் நரகம் பௌத்தத்தோடு கப்பலேறிப் போய் நரக்கு ஆனது. அங்கே நாடக மேடைக்கு அடியில் உள்ள இருட்டறைக்கும் அதுவே பெயர். கோப்பு கலைப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்து ஓர் அலுவலர் நேரிலேயே வெள்ளைமேட்டுக்குச் சென்றார்.

“மேடை எங்கம்மா?”

“எந்த மேட சார்?”

“நரகத்துக்கு மேல ஒரு மேடை இருக்கணுமே.”

“எங்க ஊர்ல எலக்சனுக்கே டாடாஏஸ்லதான் சார் நின்னு பேசுவாங்க.”

மேடை இல்லை என்று எழுதி ஊரில் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னார். கொளஞ்சியம்மாள் வாங்கித் தந்தார். அதை வைத்துக்கொண்டு கலைப் பிரிவு பரிந்துரைத்தது: ‘முதலில் மேடை அமைக்கப்பட வேண்டும். அடிப்பகுதி உருவான பின் நரகம் குறித்துப் பரிசீலிக்கலாம்.’

கிரேக்கத்தில் ஹேடீஸ் என்றால் கண்ணுக்குப் புலப்படாதது என்று ஒரு விளக்கம் உண்டு. வரைபடப் பிரிவு மூன்றே நாளில் பதில் அனுப்பியது. ‘வெள்ளைமேடு கீழத்தெரு எங்கள் வரைபடத்தில் இல்லை. கிரேக்கப் பொருள் முற்றிலும் பொருந்துகிறது. வாழ்த்துகள்.’ பொருந்திவிட்டதே என்று நான் குதித்தேன். வரைபடத்தில் இல்லாத தெருவில் வேகத்தடை போட இயலாது என்று அதே கடிதத்தின் பின்பக்கம் இருந்தது.

கடைசியில் தமிழுக்கு வந்தோம். நம் பழைய தமிழில் அளறு என்றால் நரகம், சேறும் அதுவே. சேற்றுக்கான பிரிவிலிருந்து ஆடி மாதம் ஆய்வு செய்து எழுதினார்கள். ‘தற்போது புழுதி மட்டுமே உள்ளது. ஐப்பசியில் பார்க்கலாம்.’ ஐப்பசியில், லாரிகள் சேற்றில் சிக்கியதால் தங்கள் ஜீப் உள்ளே வர முடியவில்லை என்று எழுதினார்கள்.

ஒவ்வொரு கடிதத்தின் நகலும் மனுதாரருக்குப் போகும். ஒவ்வொரு நகலுக்கும் அவர் பஸ் ஏறி வருவார். வந்து, “இது எந்த ஊரு நரகம் தம்பி?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒருநாள், “இத்தன பாஷைல படிச்சீங்களே, எங்க தெருவுக்குத் தோதா ஒண்ணுகூடவா இல்ல?” என்றார்.

“ஒண்ணு இருக்குக்கா. வடமொழில ரொம்பப் பழைய விளக்கம். சந்தோஷமா இருக்க ஒரு சின்ன எடங்கூட இல்லாதது எதுவோ அதான் நரகம்.”

வாளி மூடியின் புழுதியை முந்தானையால் துடைத்தார்.

“அத எழுதுனவரு ரோட்டோரமா குடியிருந்துருப்பாரு” என்றார்.

அந்த விளக்கத்துக்கு எந்தப் பிரிவும் இல்லை. சந்தோஷத்தைக் கவனிக்கிற அலுவலகம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் முழுக்கத் தேடிவிட்டேன்.

மறு வருஷம் பொங்கல் கழிந்து நாலாம் நாள் அவர் வந்தார். வழக்கமாக வாசலிலேயே, “தேவயானி, சாப்டியா கண்ணு?” என்று கேட்பவர் அன்று கேட்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்து பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து வைத்தார். என் உள்ளங்கை அளவுகூட இல்லை. மேலே ஒரு பூப்போட்ட வார். அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது.

“ஆர்த்தின்னு, மூணு வயசு. கடைசியா நின்ன புள்ள. செருப்பு கழண்டுதுன்னு எடுக்கக் குனிஞ்சா. கையப் புடிச்சி இழுத்துட்டேன். காலு தப்பிச்சிது.” அவர் குரல் இறங்கியது. “நான் கோவமா வரல தம்பி. இது எந்தப் பிரிவுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

தேவயானி தட்டச்சை நிறுத்தினாள். எனக்கு அறுபத்துமூன்று மொழிகளில் நரகம் என்று சொல்லத் தெரியும். அன்றைக்கு ஒரு மொழியும் வாயில் வரவில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். “இது இணைப்பா?” என்றார். ஆம் என்றேன். “இணைப்பு எண் போடவில்லையே” என்றார். ஆனாலும், உடனே இறுதி முடிவு எடுத்துவிடுவோம் என்று அன்று மாலையே குழுவைக் கூட்டினார். முடிவு ஒரே பத்திதான்.

‘ஆராயப்பட்ட மொழிகளில் பெரும்பாலானவற்றில் நரகம் என்பது மரணத்துக்குப் பின் சென்றடையும் இடம். மனுதாரர் உயிரோடு இருப்பது விசாரணையில் தெரியவருகிறது. எனவே இம்மனு முதிர்ச்சியடையாதது. உரிய நிலை எய்திய பின் மனுதாரர் நேரில் விண்ணப்பிக்கலாம்.’

“எப்படி?” என்றார் இயக்குநர்.

“ரொம்பத் தெளிவா இருக்குங்க ஐயா” என்றேன். கோழை என்பதற்கும் நிறைய மொழிகளில் சொல் உண்டு. அதை நான் ஆராய்ச்சிக்கு எடுக்கவில்லை. வீட்டில் கண்ணாடி இருக்கிறது. ஆனால் கதவு வரை போனவன் திரும்பினேன். சட்டைப் பைக்குள் அந்தச் செருப்பு உறுத்தியது.

“ஐயா, ஒண்ணு மட்டும். நரகத்த எழுதினவங்க யாருமே நேர்ல பாத்தவங்க இல்ல. எபிரேயக்காரரும் இல்ல, கிரேக்கக்காரரும் இல்ல. நேர்ல போயிட்டுத் திரும்பி வந்த ஒரே இயக்குநர்னு ஒங்க மணிவிழா மலர்ல போட்டா...”

அவர் பேனாவை மூடினார்.

“கார் சொல்லுங்கள்” என்றார்.

இங்கே மணிவிழா மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதாம் வயதில் தன் பொன்மொழிகளைத் தொகுத்து வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே அலுவலகத்தில் ‘களமொழிப் பதிவேடு’ என்று ஒன்று இருந்தது. வெளியூர் போகும்போது இயக்குநர் வாய் திறந்து எது சொன்னாலும் நான் நேரத்தோடு எழுத வேண்டும். அன்றே அவர் கையெழுத்திடுவார். கையெழுத்தான களமொழி மையத்தின் இறுதி முடிவாகக் கருதப்படும்; அதை எவரும் மாற்ற முடியாது, இயக்குநர் உட்பட. தனக்குப் பின்னால் வருகிறவன் கை வைத்துவிடுவான் என்ற பயத்தில் அந்த ‘உட்பட’வை அவரே சேர்த்திருந்தார்.

வியாழக்கிழமை காலை வெள்ளைமேட்டுக்குப் போனோம். அங்கன்வாடிப் பக்கத்தில் இயக்குநருக்கு ஒரு நாற்காலியும் சீவாத இளநீரும் தயாராக இருந்தன. கார் எதிர்ப்பக்கம் நின்றது. நடுவில் தெரு. பிள்ளைகள் கொடிக் கயிற்றைப் பிடித்தபடி எங்களுக்கு முன்னாலேயே வரிசையில் நின்றார்கள்.

இறங்கியதும், “நரகமும் ஒரு சொல்லே” என்று தொடங்கினார். 10.04 என்று குறித்தேன். முதல் லாரி போனது. சொல் எங்கே போனதென்று தெரியவில்லை. வெள்ளைப் புழுதி விலகியபோது இயக்குநர் தும்மிக்கொண்டிருந்தார். ஒரு காலை ரோட்டில் வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார். பிள்ளைகள் அதை ஆட்டம் என்று நினைத்து அவரைப் போலவே காலை வைத்து எடுத்தார்கள்.

“சார், வரிசைல வாங்க. கயத்தப் புடிச்சிக்குங்க” என்றார் கொளஞ்சியம்மாள்.

“நான் இயக்குநர், அம்மா.”

“தெரியுங்க சார். அந்த ஆர்த்திக்குப் பின்னால நில்லுங்க.”

இருபத்து நாலு நிமிஷம் ஆயிற்று. பத்தொன்பது லாரி. இயக்குநரின் தலை வெளுத்து, மீசை வெளுத்து, இமை வெளுத்து, கொடிக் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொளஞ்சியம்மாள் வாளி மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். கடைசியில் ஒரு லாரி முக்கி முனகி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அவர் பெயர் ஆண்டவர். எங்கள் பக்கம் அந்தப் பெயர் உண்டு. அந்தத் தெரு வழியாக நாளைக்குப் பத்து நடை போகிறவர்.

“யாருக்கா இது, புதுசா ஒரு புள்ள சேத்துருக்க?” என்றார்.

இயக்குநருக்குப் பொங்கிவிட்டது. மேடைத் தமிழெல்லாம் எங்கோ போய் ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

“என்னய்யா தெரு இது? இது தெருவா? நரகம்யா! சாவுற வரைக்கும் எதுக்கு காத்துருக்கணும், இந்தா இதான் நரகம்! இதுல பச்சப் புள்ளைங்கள நிக்க வெச்சிட்டு எவன்யா ஆபீசுல ஒக்காந்து என்னத்தக் கிழிக்கிறான்!”

10.28 என்று போட்டு ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். திரும்பும்போது காரில் கண்ணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, “என்னென்ன சொன்னேன்?” என்று கேட்டார். “எல்லாம் பதிவாயிருக்குங்க ஐயா” என்றேன். கண்ணைத் திறக்காமலேயே கையெழுத்திட்டார்.

மறுநாள் கண் திறந்து படித்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தேவயானியை அனுப்பிப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். “உட்படங்கற வார்த்தயவே பாத்துகிட்டு ஒக்காந்துருக்காரு சார்” என்றாள்.

வெள்ளைமேடு கீழத்தெரு நரகம் என்று சான்றளிக்கப்பட்டது. சான்றிதழ் பிரிவு பிரிவாகச் சுற்றிச் சீல் விழுந்தபோது மனு கொடுத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

ஆனால் வேகத்தடை போட எங்களுக்கு அதிகாரம் இல்லை. உறுதிசெய்யப்பட்ட சொல்லுக்கு அந்த இடத்தில் ஒரு விளக்கப் பலகை வைக்கலாம், அவ்வளவுதான். எட்டடிக்கு நாலடி. இயக்குநர் கொஞ்சம் தேறிவந்து, பலகையில் எல்லா மொழியும் இருக்க வேண்டும், தன் படமும் இருக்க வேண்டும் என்றார். படம் ஒரு மூலையை எடுத்துக்கொண்டது. மேலே பெரிதாக ‘இத்தெரு நரகம், சான்றளிக்கப்பட்டது’ என்று போட்டோம். மீதி இடத்தில் என் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தின் சாரம். மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிற தாளின் எழுத்து அளவுக்குத்தான் இடம் இருந்தது. இன்னோமின் பள்ளத்தாக்கு, மூடப்பட்டது, மேடைக்கு அடியில், காணப்படாதது, சேறு, மலாய்க்காரர் நெராகா, தாய்லாந்துக்காரர் நரோக். கடைசி வரிக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. ‘சந்தோஷமாக இருக்க ஒரு சிறு இடமும் இல்லாததே நரகம் என்பது பழைய விளக்கம். இத்தெருவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. எதிரே பார்க்கவும். இருபத்திரண்டு பேர். சாலையைக் கடந்துதான் போக வேண்டும்.’

பலகையை நட்டபோது கொளஞ்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“வேகத்தட கேட்டா போர்டு தர்றீங்களே தம்பி” என்றார். பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

“தம்பி, ஒரு சேதி. லாரியெல்லாம் நிக்கிது.”

“எதுக்கு நிக்கிது?”

“படிக்கிறானுங்க.”

நம்பாமல் போய்ப் பார்த்தேன். தன் தினசரிப் பாதை நரகம் என்று அரசாங்கப் பலகையில் எழுதியிருந்தால் எந்த டிரைவர்தான் ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் போவான்? எழுத்தோ பொடி. ஒவ்வொரு லாரியும் பலகைக்கு முப்பதடி முன்னாலேயே ஊர ஆரம்பித்தது. பின்னால் வருகிற லாரியும் வேறு வழியில்லாமல் ஊர்ந்தது. ஆந்திராக்காரர்கள் தெலுங்கைத் தேடினார்கள். தங்கள் ஊரிலும் அதே நரகம்தான் என்று கண்டு சந்தோஷப்பட்டார்கள்.

ஆண்டவர் என்னைப் பார்த்ததும் லாரியை நிறுத்தினார்.

“நீங்கதான் எழுதுனதா சார்? நடைக்கு அஞ்சு வரி வெச்சிப் படிக்கிறேன். நேத்து கிரேக்கம் முடிச்சேன், இன்னைக்கு ஜப்பான். மேடைக்கு அடியிலயா சார்? எங்கேருந்து சார் புடிக்கிறீங்க இதெல்லாம்!”

தேவயானி அன்றைக்கே சொன்னாள், அர்த்தத்தைப் பார்த்தால் வேகம் குறைந்துவிடும் என்று. மூன்று வழிகாட்டிகள் புரட்டாத என் ஆராய்ச்சியைப் பத்துச் சக்கர லாரிகள் வரிசையில் நின்று படித்துக்கொண்டிருந்தன. கண்ணில் புழுதி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். புழுதியும் விழுந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் ஆண்டவர் கடைசி வரிக்கு வந்துவிட்டாராம். அன்றிலிருந்து மூன்றரைக்கு அந்தப் பக்கம் வந்தால், லாரியைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, கொளஞ்சியம்மாளின் வாளி மூடியை வாங்கி அவரே பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்.

நல்ல செய்தி பரவாமல் இருக்குமா? விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு மனு வந்தது. தா.பழூரிலிருந்து இரண்டு. வரதராஜன்பேட்டையிலிருந்து நாற்பது பேர் கையெழுத்தோடு ஒன்று. எல்லாவற்றிலும் பொருள் வரி ஒன்றுதான்: ‘எங்கள் தெருவையும் நரகமாக அறிவிக்க வேண்டுவது தொடர்பாக.’ இயக்குநர் அவற்றை அடுக்கி வைத்து எண்ணிப் பார்த்து, தான்தான் இந்த மாவட்டங்களுக்கு நரகத்தைக் கொண்டுவந்தவர் என்று ஒரு பாராட்டு விழாவில் பேசினார். யாரும் மறுக்கவில்லை.

போன திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. லாரிகளின் நடை பத்திலிருந்து ஏழாகக் குறைந்துவிட்டதாக லாரி வைத்திருக்கிறவர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். ஓடுகிற வண்டியிலிருந்தே படிக்கும்படி பலகையின் எழுத்துகளை ஏழு நாளுக்குள் பெரிதாக்க வேண்டும். இயக்குநர் ‘உடன் செய்க’ என்று எழுதிக் கோப்பை என் மேசைக்குத் தள்ளியிருந்தார்.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது, இணைப்பு எண் இல்லாமல். அதைப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக் கோப்பில் எழுதினேன்.

‘மேற்படி ஆணையில் பெரிது என்ற சொல் வருகிறது. எதைவிடப் பெரிது, எவ்வளவு பெரிது என்பது தெளிவாக இல்லை. பன்மொழிகளில் இச்சொல்லின் தோற்றத்தையும் பொருளையும் ஆராய்ந்த பிறகே நடவடிக்கை எடுப்பது மையத்தின் மரபுக்கு உகந்ததாகும்.’

இயக்குநர் படித்துவிட்டு எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் ததும்பியது.

“அறிவழகன், ஒன்பது ஆண்டுகளில் இன்றுதான் நீங்கள் இந்த மையத்தைப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எபிரேயத்திலிருந்து தொடங்குங்கள். மொழிகளைக் குறைக்காதீர்கள்.”

அன்று மதியம் கொளஞ்சியம்மாளுக்கு போன் போட்டேன்.

“எத்தினி நாளு தாங்கும் தம்பி?”

“நரகத்துக்கே பதினாலு மாசம் ஆச்சு. இது அதவிடப் பெருசுக்கா. ரெண்டு வருஷம் இழுக்கலாம்.”

அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சத்தம். அவர் யாரையோ வரிசையில் நிற்கச் சொன்னார். பிறகு மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

“ஆர்த்திக்கு இப்ப மூணு முடிஞ்சிருச்சு. ரெண்டு வருசம்னா பெரிய ஸ்கூல் போயிருவா. ஆனா தையில புதுசா நாலு புள்ள சேருது.”

“மலாய், தாய்லாந்து ரெண்டையும் விரிவா பாத்தா மூணாவது வருஷமும் ஓடும்க்கா.”

“பாருங்க தம்பி, பாருங்க” என்றார். “நிதானமா பாருங்க. ஒண்ணும் அவசரமே இல்ல.”